அளவறிந்து அமைதல்

ஓலையின் நீளத்திற்கேற்ப வரியை மடக்கி எழுதுதல் நம் முன்னோர் வழக்கம். கணினித் திரையிலும் அதனையொத்த நிகழ்ச்சி ஒன்றனைக் கண்டேன்.

மதுரையில், வைகையின் வடகரையிலுள்ள கோரிப்பாளையத்தில் எம் இல்லம் உள்ளது. கல்லூரியிற் பயிலும் என் பேரன், 'முனையம்' என்னும் சாளரத்தைக் கணினியில் திறந்து, யான் எழுதிய கட்டுரை ஒன்றைக் காட்டினான். சாளரத்தை அவன் குறுக்கியதும் வரிகள் தாமே மடங்கி ஒழுங்குற்றன. "இஃது எங்ஙனம்?" என்றேன். "அளவு மாறியதும் அதற்குச் செய்தி போய்விடும், தாத்தா" என்றான்.

முனையம் என்பது எழுத்துகளை வரிவரியாகக் காட்டும் திரை. 1978 இல் வெளிவந்த விடி-100 என்னும் முனையம் தனிக் கருவியாகவே இருந்தது. அதில் வழக்கமாக 24 வரிகளும், வரிக்கு 80 எழுத்துகளும் அடங்கும். இன்றைய முனையமோ திரையிலுள்ள ஒரு சாளரம். அதனை நீட்டலாம், குறுக்கலாம், பல கூறுகளாகப் பிரிக்கவும் செய்யலாம்.

அளவு மாறியவுடன் முனையம் அதனை இயங்குதளத்திற்கு அறிவிக்கும். லினக்சு போன்ற இயங்குதளம், அங்கு இயங்கும் நிரலுக்குச் 'சிக்விஞ்ச்' என்னும் சமிக்ஞையை அனுப்பும். அச்சமிக்ஞை 'அளவு மாறிற்று' என்று மட்டுமே கூறும்; எவ்வளவு என்று கூறாது. நிரலே மீண்டும் வினவி, வரிகளின் தொகையையும் ஒரு வரியில் அடங்கும் எழுத்திடங்களையும் அறிந்து, திரையைப் புதிதாக வரைதல் வேண்டும். அங்ஙனம் வினவாத நிரல் பழைய அளவிலேயே எழுதும். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சிதையும்.

பின்னர்ப் பேரன் என் வெண்பா ஒன்றைக் காட்டினான். அடிதோறும் வரியை முடிக்காது, உரைநடைபோல் அதனைத் தட்டெழுதியிருந்தான். சாளரம் குறுகியபோது நான்கடி வெண்பா ஆறு வரியாயிற்று; விரிந்தபோது மூன்று வரியாயிற்று. பிழை நிரலினது அன்று. அடி முடியுமிடத்தை அதற்கு எவரும் உணர்த்தவில்லை.

ஏட்டுச் சுவடிகளிலும் செய்யுள் அடிபிரியாது தொடர்ந்தே எழுதப்பெற்றது. 1889 இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்ற அறிஞர்கள், யாப்பறிவைத் துணைக்கொண்டே அடிகளைப் பிரித்தறிந்தனர். கணினி நிரலுக்கு அவ்வறிவு இல்லை. ஆதலின் எழுதுவோர் ஒவ்வோர் அடியின் இறுதியிலும் வரிமுடிவுக் குறியை இடுதல் வேண்டும்.

பேரன் அவ்வாறே இட்டான். குறுகிய சாளரத்தில் நீண்ட அடிகள் மடங்கின. ஆயினும், சாளரம் விரிந்தவுடன் நான்கடிகளும் தத்தம் நிலையை எய்தின. உரைநடையின் வரிமுடிவு இடத்தால் அமைவது; செய்யுளின் அடிமுடிவு புலவனால் அமைவது. இவ்வேறுபாட்டை உணர்ந்து எழுதுவோரின் செய்யுள், எவ்வளவு சிறிய திரையிலும் சிதையாது நிற்கும்.