மாசம் நாலு படம்... கணக்கு டேலி ஆகுது சார்!

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கிறது. மாசச் செலவு நோட்டு. அரிசி, பால், கரண்டு பில், பையன் ஸ்கூல் வேன், அம்மாவின் பிரஷர் மாத்திரை என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனால், கடைசியில் ஒரு தலைப்பு வரும். 'பொழுதுபோக்கு – ரூ.600'.

பி.காம். படித்தவன் சார் நான். பேங்க் வேலை கிடைக்காவிட்டாலும், பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்தாலும், டெபிட் – கிரெடிட் புத்தி போகுமா? அந்த 600 ரூபாய்க்குள் மாசம் நாலு படம் தியேட்டரில் பார்க்கிறேன் என்றால் ஆபீஸ் நண்பர்கள் நம்புவதே இல்லை. "எப்படி மாப்ள? நாங்க ஒரு படத்துக்குப் போயிட்டு வந்தாலே மாசக் கடைசி வரைக்கும் டீக்கடையில அக்கவுண்ட்டுல்ல வைக்கிறோம்!" என்கிறார்கள்.

அந்த ரகசியத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சொல்ல ஆரம்பித்தால் இன்னொரு சமாச்சாரமும் சேர்ந்து வந்துவிடுகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். ஓடிவிடாதீர்கள்!

ஊர் அப்படி!

மதுரைக்காரனுக்கு சினிமா ஆடம்பரம் இல்லை. இட்லிக்குச் சட்னி மாதிரி. 1937-ல் இந்த ஊர் ராயல் டாக்கி கம்பெனி எடுத்த 'சிந்தாமணி' படம், தியாகராஜ பாகவதர் புண்ணியத்தில் ஓடு ஓடென்று ஓடியது. அந்த லாபத்தில் ஒரு தியேட்டரையே கட்டி அதற்கும் 'சிந்தாமணி' என்றே பெயர் வைத்தார்கள். படம் எடுத்துத் தலையில் துண்டு போட்டுக்கொண்ட கதைதான் நிறையக் கேட்டிருக்கிறோம். தியேட்டர் கட்டிய கதை எத்தனை கேட்டிருக்கிறோம்?

விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் ரீகல் தியேட்டர். பகலில் அங்கே பேப்பர் படிப்பார்கள், சாயங்காலமானால் இங்கிலீஷ் படம் பார்ப்பார்கள். அறிவும் வளர்ந்தது, ஆங்கிலமும் வளர்ந்தது (பார்த்தவர்கள் அப்படித்தான் வீட்டில் சொன்னார்கள்).

அப்புறம் தங்கம் தியேட்டர்! 1952-ல் 'பராசக்தி' ஓடித் தொடங்கிய கொட்டகை. 2,500-க்கும் மேல் சீட். ஆசியாவிலேயே பெரிசு என்று எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் மார்தட்டுவார்கள். ஒரு காட்சி முடிந்து கூட்டம் வெளியே வந்தால் சித்திரைத் திருவிழா மறுபடி வந்துவிட்டதோ என்று வெளியூர்க்காரர் திகைப்பாராம்.

தங்கமும் இப்போது இல்லை. சிந்தாமணியும் இல்லை. இரண்டு இடத்திலும் ஜவுளிக்கடை. மனைவியோடு அந்தப் பக்கம் போனால் முன்பு டிக்கெட் காசோடு போயிற்று. இப்போது... வேண்டாம், அந்தப் பேச்சு வேண்டாம்!

என் அஞ்சு ஃபார்முலா

சரி, ரகசியத்துக்கு வருவோம்.

ஒன்று: முதல் மூன்று நாள் தியேட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். அந்த விசில், பால் பாக்கெட், கற்பூரம் எல்லாம் இருபது வயதோடு சரி. இரண்டாவது வாரம் புதன்கிழமை காலைக் காட்சியில் போய்ப் பாருங்கள். காலை நீட்டி உட்காரலாம். படம் நன்றாக இருக்கிறதா என்பதும் அதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பாதிப் பணம் அந்த இடத்திலேயே மிச்சம். மோசமான படத்துக்குப் போகாமல் இருப்பதைவிடப் பெரிய சிக்கனம் உலகத்தில் உண்டா?

இரண்டு: கவுண்ட்டரில் டிக்கெட். போனில் புக் செய்தால் டிக்கெட்டுக்கு மேல் 'வசதிக் கட்டணம்' என்று தனியாக ஒன்று போடுகிறார்கள். யாருக்கு வசதி? ஆள் இல்லாத காட்சிக்கு எதற்கு ரிசர்வேஷன்? கைவீசிக்கொண்டு போனால் போதும்.

மூன்று: இது பி.காம். பாயிண்ட், கவனமாகப் படியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையுள்ள சினிமா டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். 100-ஐத் தாண்டினால் 18 சதவிகிதம். அதாவது 100 ரூபாய் டிக்கெட் வரியோடு 105. ஒரே ஒரு ரூபாய் கூடி 101 ஆனால்? 119 ரூபாய் 18 காசு! ஒரு ரூபாய்க்குப் பதினாலு ரூபாய் தண்டம். (உள்ளாட்சிக் கேளிக்கை வரி இரண்டுக்குமே தனி.) அதனால் எந்த தியேட்டரில் எந்த வரிசை நூறுக்குள் இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். மல்டிபிளெக்ஸுக்கு 2017 அக்டோபரில் அரசு வைத்த உச்சவரம்பு 150 ரூபாய், வரி நீங்கலாக. அதற்கு முன்னால் மல்டிபிளெக்ஸிலேயே முன்வரிசையில் 10 ரூபாய் டிக்கெட் இருந்தது. அந்தப் பத்து ரூபாய்க்காக காலேஜ் நாளில் கழுத்துச் சுளுக்கோடு திரிந்தவன் நான்.

வரி குறைந்தால் விலை குறையுமா என்று கேட்பீர்கள். 2006 ஜூலையில் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று அரசு சொன்னது. உடனே 'ஜில்லுனு' காதல் 'சில்லுனு' ஆனது. 'எம்டன் மகன்', 'எம் மகன்' ஆனான். எழுத்து குறைந்த அளவுக்கு எங்கள் பர்ஸிலிருந்து போனது குறைந்ததாக ஞாபகம் இல்லை!

நான்கு: சாப்பிட்டுவிட்டுப் போவது. வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஜிலேபி தின்றுவிட்டு விரலை சீட்டில் துடைத்தால் யார் சுத்தம் செய்வது என்கிற ரீதியில் தலைமை நீதிபதியே கேட்டாராம். நியாயம்தான். ஆனால் அதே வழக்கில் இன்னொன்றும் சொன்னார்கள். சுத்தமான குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கு உண்டானதைப் பெற்றோர் கொண்டுபோகலாம். இந்த இரண்டையும் நம் ஆட்கள் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. தண்ணீர் எங்கே என்று தைரியமாகக் கேளுங்கள் சார்!

பாப்கார்ன்? அதைப் பற்றி 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சிலே உட்கார்ந்து பேசியது. உப்புப் போட்டு உதிரியாக விற்றால் 5, பாக்கெட்டில் அடைத்தால் 12, சர்க்கரைப் பாகில் புரட்டினால் 18 சதவிகிதம் என்று விளக்கம் சொன்னார்கள். ஒரு சோளப்பொரிக்கு மூன்று வரி! சினிமாவைவிட நல்ல காமெடி. அதற்குப் பிறகு நான் பாப்கார்னைக் கையால் தொட்டதில்லை. மூக்கால் மட்டும். வாசனைக்கு இன்னும் வரி போடவில்லை.

ஐந்து: நண்பர்களோடு போகாமல் இருப்பது. இன்டர்வெல்லில் யார் காசு கொடுப்பது என்கிற சஸ்பென்ஸ், படத்தில் இருப்பதைவிடப் பெரிது.

ஆக, வரியெல்லாம் சேர்த்து டிக்கெட் 110. வண்டி நிறுத்த 20. வெளியே வந்து ஒரு டீ 10. மொத்தம் 140. நாலு படத்துக்கு 560. பட்ஜெட் 600. மீதி 40. டேலி!

ஆடிட்டர் வந்தார்

இப்படி இரண்டு வருஷம் ஜம்மென்று ஓடியது. போன மாசம் நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நோட்டை வாங்கிப் புரட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏங்க, நான் கடைசியா தியேட்டருக்கு வந்தது எப்போ?"

யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன்.

"தம்பி ஒண்ணாப்பு சேர்ந்தப்போ. இப்போ மூணாப்பு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லிச் சமாளித்திருப்பேன்.

"நாலு பேரா போனா ஆயிரத்தஞ்நூறு ஆகுதுன்னு நீதானே வேணாம்ன?" என்றேன்.

"ஆமா, வேணாம்னேன். நீங்க 'சரி'ன்னுட்டீங்க."

கூடத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "அந்தக் காலத்துல நாங்க படம் பாக்கவாய்யா போனோம்? வெளிய போனோம்! திருமங்கலம் பக்கத்துல டூரிங் கொட்டாய்ல தரை டிக்கெட். மண்ணைக் குமிச்சு உக்காந்தா பின்னாடி இருக்கறவ திட்டுவா. வருஷத்துல ஒருக்கா தங்கத்துக்கு மதுரைக்கு வருவோம். மாமியாகிட்ட கேக்கவேணாம், கோயிலுக்குப் போறோம்னு சொன்னாப் போதும். அந்த மூணு மணி நேரம் எங்களுக்கு அடுப்பு இல்ல, துணி இல்ல, யாரும் 'தண்ணி கொண்டா'ன்னு கூப்பிட மாட்டாக. படம் என்னா படம்? அது யாருக்கு ஞாபகம் இருக்கு!"

நான் நோட்டைப் பார்த்தேன். கணக்கு டேலிதான். எப்படி டேலி ஆனது? மூன்று டிக்கெட்டை நைசாக அடித்துவிட்டதால் டேலி ஆனது. இதற்கு எங்கள் காமர்ஸில் ஒரு பெயர் உண்டு. நல்ல பெயர் இல்லை!

புது பட்ஜெட்

ராத்திரியே உட்கார்ந்து கணக்கைத் திருத்தினேன். அதே 110 ரூபாய் டிக்கெட், நாலு பேருக்கு 440. நானும் பையனும் வண்டியில், நிறுத்த 20. அம்மாவும் அவளும் டவுன் பஸ். 2021 மே மாசத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே! ஆக 460. படம் விட்டதும் ஆளுக்கு ஒரு பருத்திப்பால், 25 வீதம் 100. மொத்தம்?

560 ரூபாய்!

அதே 560. நான் ஒருத்தன் நாலு படம் பார்த்த காசில் நாலு பேர் ஒரு படம் பார்க்கலாம். இரண்டு வருஷமாக இந்தக் கூட்டல் என் கண்ணில் படவே இல்லை.

"அப்ப மீதி மூணு வாரம் என்ன செய்வீங்க? கை நடுங்காதா?" என்று சிரித்தாள். அதற்கும் வழி அவளே சொன்னாள்.

அவளுக்கு மேலூர்ப் பக்கம் கிராமம். பங்குனி, சித்திரை வந்தால் சுற்றுவட்டாரத்தில் கோயில் பொங்கல், திருவிழா. ராத்திரி பத்து மணிக்குமேல் 'வள்ளி திருமணம்' நாடகம் தொடங்கினால் விடிய விடிய நடக்கும். 1918-ல் மதுரையில் பாலர் நாடக சபை நடத்திய சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகம்தான். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. மேடையில் சந்தித்து, பாட்டிலும் தர்க்கத்திலும் மோதிக்கொள்வார்கள். பணம் ஊர்க்காரர்கள் வரிபோட்டுக் கொடுப்பது. பார்க்கிறவனுக்கு டிக்கெட்டே இல்லை, ஜி.எஸ்.டி.யும் இல்லை!

போனோம். ஒரு பாயும் ஒரு போர்வையும் சீட். பபூன் வந்து மைக்கைப் பிடித்ததிலிருந்து அவள் சிரித்த சிரிப்பை நான் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை. பையன் ஒரு மணிக்கே தூங்கிவிட்டான். அம்மா தூங்கவில்லை. வேலனும் வள்ளியும் தர்க்கம் செய்துகொண்டிருந்தபோது மணி மூன்று. திரும்பிப் பார்த்தேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற அறுபது வயது மனுஷி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார். யாரும் 'தண்ணி கொண்டா' என்று கூப்பிடவில்லை. நான்தான் எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் வாங்கிவந்தேன்.

மறுநாள் நோட்டில் எழுதினேன். 'நாடகம், நாலு பேர், கடலை – ரூ.40.'

ஆபீஸ் நண்பர்களே, அந்த அஞ்சு ஃபார்முலாவும் இன்றைக்கும் செல்லும். தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் மாசக் கடைசியில் கணக்கு டேலி ஆனால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், யார் டிக்கெட்டை அடித்தோம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பட்ஜெட்டில் இப்போது மாசம் ஒரு படம்தான். அதுவும் எந்தப் படம் என்று முடிவு செய்கிற அதிகாரம் வீட்டு அம்மாளிடம் போய்விட்டது. போன ஞாயிறு பார்த்த படத்தில் மூன்று பேர் அழுதார்கள், ஒருத்தர் தூங்கினார். தூங்கினவர் பெயரை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பி.காமில் சொல்லித் தரவில்லை சார்!