கைப்பேசியில் நம்பர் எடுக்கிறீர்களா? மூத்தோர் அறிந்திருக்க வேண்டியவை



நம்மில் பலர் பல ஆண்டுகளாக நம்பர் எடுத்து வருகிறோம். சந்தைக்குப் போகிற வழியில் நம்பர் கடையில் நின்று, இரண்டு ரிங்கிட்டோ ஐந்து ரிங்கிட்டோ கட்டிவிட்டு, சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புவது வழக்கம். இப்போது அதே விளையாட்டு கைப்பேசிக்குள் வந்துவிட்டது. படுத்துக்கொண்டே விளையாடலாம், நடுச்சாமத்திலும் விளையாடலாம்.

இந்தக் கையேடு உங்களைக் குறை சொல்வதற்காக எழுதப்படவில்லை. கடையில் எடுப்பதற்கும் கைப்பேசியில் எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு என்ன, அது உங்கள் பணத்தையும் உடல்நலத்தையும் எப்படிப் பாதிக்கக்கூடும், பாதித்தால் யாரிடம் போவது என்பதை விளக்குகிறது. படித்து முடித்ததும் வீட்டில் உள்ளவர்களிடமும் கொடுங்கள்.

கடைக்கும் கைப்பேசிக்கும் என்ன வேறுபாடு?

கடையில் நம்பர் எடுக்கும்போது நம்மை அறியாமலேயே சில தடுப்புகள் இருந்தன. வெயிலில் நடந்து போக வேண்டும். கையில் உள்ள காசைத்தான் கொடுக்க முடியும். பை காலியானால் விளையாட்டும் முடிந்தது. குலுக்கல் புதன், சனி, ஞாயிறு ஆகிய நாள்களில்தான். சில வாரங்களில் செவ்வாய்க்கிழமை சிறப்புக் குலுக்கல் இருக்கும். கடை மாலையில் அடைக்கப்படும். தெரிந்தவர் யாராவது பார்த்து, "என்ன அண்ணே, இன்றைக்குமா?" என்று கேட்பார்.

கைப்பேசியில் இவற்றில் ஒன்றும் இல்லை. பணம் வங்கிக் கணக்கிலிருந்தோ இ-வாலட்டிலிருந்தோ போவதால், தாள் கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊழியர் சேமநிதிப் பணம், ஓய்வூதியம், பிள்ளைகள் அனுப்பும் பணம் எல்லாம் ஒரே கணக்கில் இருந்தால், விரல் பட்ட இடத்தில் மொத்தச் சேமிப்பும் இருக்கிறது. சில இணையத்தளங்களில் சில நிமிடத்துக்கு ஒரு குலுக்கல் நடக்கிறது. தோற்ற பணத்தை உடனே மீட்டுவிடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது.

"அரசாங்க லாட்டரிதானே, என்ன ஆபத்து?"

பலர் இப்படிக் கேட்கிறார்கள். தீபகற்ப மலேசியாவில் நம்பர் விளையாட்டு நடத்த உரிமம் பெற்றவை மேக்னம், டா மா சாய், ஸ்போர்ட்ஸ் டோட்டோ ஆகிய மூன்று நிறுவனங்கள். ஸ்போர்ட்ஸ் டோட்டோவை 1969-இல் அரசாங்கம் தொடங்கியது. 1985-இல் அது தனியார்மயமானது. ஆகவே நாம் "அரசாங்க நம்பர்" என்று சொல்வது உண்மையில் அரசாங்க உரிமத்தின் கீழ் தனியார் நடத்தும் விளையாட்டு. 21 வயது நிரம்பாதவர்களும் முஸ்லிம்களும் இதில் பங்கேற்க அனுமதி இல்லை.

உரிமம் இருந்தால் குலுக்கல் முறைப்படி நடக்கும், விழுந்த பரிசு கைக்கு வரும். ஆனால் விளையாடுபவர் அளவு மீறாமல் இருப்பதற்கு உரிமம் உத்தரவாதம் ஆகாது. தமிழ்நாட்டில் 1968-இல் அரசே பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்பது அதன் விளம்பர வாசகம். அங்கேயே 2003 ஜனவரியில் லாட்டரி விற்பனை முழுவதும் தடை செய்யப்பட்டது.

சிங்கப்பூரில் அரசுக்குச் சொந்தமான சிங்கப்பூர் பூல்ஸ் 2016 அக்டோபரில் இணைய விற்பனையைத் தொடங்கியது. அதன் கணக்கில் பணம் போடுவதற்கும் செலவழிப்பதற்கும் வரம்பு வைக்கும் ஏற்பாடு உண்டு. விளையாட்டிலிருந்து தானே விலகி நிற்கவும், குடும்பத்தார் விண்ணப்பித்து ஒருவரை விலக்கி வைக்கவும் அந்நாட்டில் வழி உண்டு. அரசே நடத்தினாலும் தடுப்பு தேவை என்பது இதிலிருந்து தெரிகிறது. உங்கள் கைப்பேசியில் அந்தத் தடுப்பை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம்

நான்கு இலக்க விளையாட்டில் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள் உள்ளன. ஒரு குலுக்கலில் 23 எண்களுக்குப் பரிசு: முதல் மூன்று பரிசுகள், 10 சிறப்புப் பரிசுகள், 10 ஆறுதல் பரிசுகள்.

'பிக்' வகையில் 1 ரிங்கிட் கட்டினால் முதல் பரிசு 2,500 ரிங்கிட், இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு 180, ஆறுதல் பரிசு 60. ஒருவரே 10,000 எண்களையும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கு வாங்குகிறார் என்று வையுங்கள். அவர் கட்டுவது 10,000 ரிங்கிட். எல்லாப் பரிசும் அவருக்கே விழும். கூட்டிப் பார்த்தால் 6,400 ரிங்கிட்தான் வரும். அதாவது எல்லா நம்பரும் விழுந்தாலும் அவருக்கு 3,600 ரிங்கிட் நட்டம்.

இன்னொரு கணக்கு. வாரத்துக்கு மூன்று குலுக்கல், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நம்பர், 5 ரிங்கிட். ஆண்டுக்கு 156 குலுக்கல். செலவு 780 ரிங்கிட். இப்படி எடுக்கும் பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஓர் ஆண்டு முழுவதும் ஆறுதல் பரிசுகூட விழாது. முதல் பரிசு விழுவது சராசரியாக 64 ஆண்டுகளுக்கு ஒருமுறை.

58 எண்களில் 6 எண்களைத் தேர்ந்தெடுக்கும் பெரும்பரிசு விளையாட்டில் நிலைமை இன்னும் கடினம். அதில் 4 கோடியே 4 லட்சத்துக்கும் அதிகமான சேர்க்கைகள் உள்ளன. இது மலேசியாவின் மொத்த மக்கள்தொகையை விட அதிகம்.

கனவில் வந்த எண், விபத்தில் சிக்கிய காரின் எண், இறந்தவரின் அடையாள அட்டை எண் என்று தேடி எடுப்பது நம்மிடையே உள்ள பழக்கம். குலுக்கல் இயந்திரத்துக்கு இவை எதுவும் தெரியாது. போன வாரம் "ஒரு நம்பரில் தவறிவிட்டது" என்பதால் இந்த வாரம் நெருங்கிவிட்டதாகப் பொருள் இல்லை. ஒவ்வொரு குலுக்கலும் புதிதாகவே தொடங்குகிறது.

இது உடல்நலப் பிரச்சினையா?

ஆம். அளவு மீறிய சூதாட்டப் பழக்கத்தை உலகச் சுகாதார நிறுவனம் நோய் வகைப்பாட்டில் சேர்த்துள்ளது. மது, போதைப்பொருள் போல இதுவும் மூளையில் பழக்க அடிமைத்தனத்தை உண்டாக்கும். இதற்குச் சிகிச்சை உண்டு. இது குணக்கேடு அல்ல. வெட்கப்பட்டு மறைக்கத் தேவையில்லை.

மூத்தோருக்கு இதில் தனிப்பட்ட சில காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. துணையை இழந்த தனிமை, பிள்ளைகள் வெளியூரில் இருப்பது, வேலை ஓய்வுக்குப் பின் நீளும் பகல் பொழுது ஆகியவை விளையாட்டின் பக்கம் தள்ளலாம். இழந்த பணத்தைச் சம்பாதித்து ஈடுகட்ட இனி வயதும் இல்லை. நீரிழிவு மருந்துக்கும் கண் பரிசோதனைக்கும் வைத்திருந்த பணம் போய்விட்டால் உடல் நேரடியாகப் பாதிக்கப்படும். இரவு கண்விழித்து விளையாடினால் தூக்கம் கெடும், கவலை கூடும், இரத்த அழுத்தமும் ஏறக்கூடும்.

மருந்து உண்பவர்கள் கவனிக்க

பார்கின்சன் நோய்க்கு, அதாவது கை நடுக்கம், உடல் விறைப்பு ஆகியவற்றுக்குத் தரப்படும் சில மருந்துகள் சிலருக்குச் சூதாடும் உந்துதலைக் கட்டுக்கு மீறித் தூண்டக்கூடும். பிராமிபெக்சோல், ரோபினிரோல் ஆகியவை அத்தகையவை. கால் அமைதியின்றித் துடிக்கும் நோய்க்கும் இவை தரப்படுவதுண்டு. வாழ்நாளில் சூதே ஆடாத ஒருவர் மருந்து தொடங்கிய பின் திடீரென்று நம்பர் எடுப்பதில் மூழ்கினால், காரணம் மருந்தாக இருக்கலாம்.

இப்படித் தோன்றினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் அளவைக் குறைக்கலாம் அல்லது வேறு மருந்துக்கு மாற்றலாம். நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவது ஆபத்து.

முன்பு சிக்கனமாக இருந்தவர் முதுமையில் யோசிக்காமல் பணத்தை வாரி இறைத்தால், அது சில வகை மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். இதற்கும் மருத்துவப் பரிசோதனை தேவை.

உங்களை நீங்களே கேளுங்கள்

முதலில் இரண்டு கேள்விகள்:

1. வரவர அதிகப் பணம் வைத்து விளையாட வேண்டும் என்று தோன்றியதுண்டா?
2. எவ்வளவு விளையாடினீர்கள் என்பதை உங்களுக்கு வேண்டியவர்களிடம் மறைத்ததுண்டா?

இரண்டில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் மருத்துவரிடம் ஒருமுறை பேசுவது நல்லது. தோற்றதை மீட்க மறுபடி விளையாடுவது, நகையை அடகு வைப்பது, மின்சாரக் கட்டணத்தைத் தள்ளிப்போடுவது, கைப்பேசியை யாரும் பார்க்காமல் ஒளிப்பது, விளையாடாத நாளில் எரிச்சல் வருவது ஆகியவையும் அறிகுறிகளே.

தடுப்புகளைத் திரும்ப அமையுங்கள்

• அன்றாடச் செலவுக்குத் தனிக் கணக்கு வையுங்கள். சேமிப்புக் கணக்கை இ-வாலட்டுடன் இணைக்காதீர்கள்.
• வங்கியில் ஒரு நாள் பணம் அனுப்பும் வரம்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.
• மாதத் தொடக்கத்தில் வீட்டு வாடகை, மருந்து, உணவு ஆகியவற்றுக்கான பணத்தை முதலில் எடுத்து வையுங்கள்.
• விளையாட்டுச் செயலியையும் அதன் அறிவிப்புகளையும் கைப்பேசியிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள்.
• குலுக்கல் நாள் மாலையில் வேறொரு வேலை வைத்துக்கொள்ளுங்கள்: கோயிலுக்குப் போவது, நண்பர்களுடன் நடப்பது, தேநீர் கடையில் பேச உட்காருவது.
• ஒருபோதும் கடன் வாங்கி விளையாடாதீர்கள். ஆ லோங்கிடம் வாங்கிய கடன் குடும்பம் முழுவதையும் அச்சத்தில் வைக்கும்.

போலித் தளங்களிடம் எச்சரிக்கை

வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் வரும் இணைப்புகள் பிரபல நிறுவனங்களின் சின்னத்தைப் போட்டிருந்தாலும் அவை அந்த நிறுவனங்களுடையவை என்று நம்பிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் நம்பர் கடைக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

நீங்கள் வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது. "உங்களுக்குப் பரிசு விழுந்துள்ளது, வரி கட்டினால் அனுப்புகிறோம்" என்றால் அது மோசடி. கேரள அரசு லாட்டரி காகிதச் சீட்டாகத்தான் விற்கப்படுகிறது. அதை இணையத்தில் விற்பதாகச் சொல்லும் விளம்பரங்களையும் நம்பாதீர்கள். வங்கி அனுப்பும் ரகசியக் குறியீட்டு எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். உங்கள் வங்கி அட்டையையோ கணக்கையோ "கொஞ்ச நாளுக்கு" யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். மோசடிப் பணம் அதன் வழியாகப் போனால் போலீஸ் உங்களைத்தான் தேடி வரும்.

பணம் பறிபோனதாகத் தெரிந்தால் உடனே உங்கள் வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தையோ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். பின்னர் போலீஸ் புகார் செய்யுங்கள்.

குடும்பத்தாருக்கு

அப்பாவோ அம்மாவோ இதில் சிக்கியிருப்பது தெரிந்தால் எல்லார் முன்னிலையிலும் கேட்காதீர்கள். தனியாக, அமைதியான நேரத்தில், "உங்கள் உடம்பை நினைத்துக் கவலையாக இருக்கிறது" என்று தொடங்குங்கள். கடனை முழுதாக அடைத்துவிட்டு அத்தோடு விட்டுவிட்டால் பழக்கம் திரும்பலாம். கடனோடு சிகிச்சையையும் கவனியுங்கள். அவர்கள் சம்மதத்துடன் வங்கிக் கணக்கைச் சேர்ந்து பாருங்கள். அவர்களுடைய பணத்தை முழுவதும் பறித்துக்கொள்வது மரியாதையைக் கெடுக்கும். பழக்கம் இன்னும் மறைவாகப் போகும்.

யாரிடம் போவது?

• நீங்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வழக்கமாகப் போகும் அரசாங்க சுகாதார கிளினிக்கே முதல் இடம். மருத்துவரிடமோ தாதியிடமோ "நம்பர் விளையாட்டை நிறுத்த முடியவில்லை" என்று சொன்னால் போதும். தேவைப்பட்டால் அவர்கள் ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள்.
• மனம் உடைந்து போனால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவையை 15555 என்ற எண்ணில் அழையுங்கள்.
• குடும்பத்தில் பணத் தகராறு, மிரட்டல், கைவிடப்படுதல் போன்றவற்றுக்கு 15999, தாலியான் காசே.
• வங்கிக் கடன், கடன் அட்டைச் சுமைக்கு ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக உதவுகிறது.
• உயிருக்கு ஆபத்து என்றால் 999.

கடன் தொல்லையால் "இனி உயிரோடு இருந்து என்ன பயன்" என்ற எண்ணம் வந்தால், அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள் அல்லது மேலே உள்ள எண்ணை அழையுங்கள். கடனுக்குத் தவணை கேட்கலாம்; பழக்கத்துக்குச் சிகிச்சை பெறலாம். அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது இந்தத் தாளையும் மருந்துப் பையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். வாயால் சொல்லத் தயக்கமாக இருந்தால், தாளை நீட்டி, உங்களுக்குப் பொருந்தும் பகுதியை விரலால் காட்டுங்கள்.