மதுவடிமையும் வீதிப் பாதுகாப்பும்

கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தைத் திருவள்ளுவர் பொருட்பாலில் வைத்தார், அறத்துப்பாலில் வைத்தாரல்லர். குடியினால் விளையுங் கேடு குடிப்பவனோடு அமையாது, அவன் குடும்பத்தையும் நாட்டையும் பற்றும் என்பது இவ்வைப்பு முறையாற் பெறப்படும் எனலாம். மோட்டார் வாகனங்கள் மலிந்த இக்காலத்தில் அக்கேடு முன்பின் அறியாதார் மேலும் பாய்கின்றது. குடிப்பவன் ஒருவன், வீதியில் உயிரிழப்பவன் மற்றொருவன். ஆதலின் மது உடலில் எவ்வாறு தொழிற்படுகின்றது, அதற்கு அடிமையானவன் வாகனஞ் செலுத்துவதை எவ்வாறு தடுக்கலாம் என்னும் இரு வினாக்களையும் ஒருங்கு வைத்து ஆராய்தல் தகும். இவ்வாராய்ச்சிக்குச் சுவீடன் நாட்டு வரலாறு பெரிதும் உதவும்.

மிதமிஞ்சிய குடியை வெறும் ஒழுக்கக் கேடெனவே பலரும் கருதிய காலத்தில், சுவீடன் நாட்டு வைத்தியர் மாக்னுஸ் ஹூஸ் என்பார் 1849ஆம் ஆண்டில் அதனை நாட்பட்ட நோயாக விரித்து எழுதி, அதற்குப் பெயருஞ் சூட்டினார். 1922இல் அந்நாட்டில் மதுவிலக்கு வேண்டுமா என மக்களின் கருத்துக் கேட்கப்பட்டபோது, மிகச் சிறு வேறுபாட்டினால் அது மறுக்கப்பட்டது. மதுவைப் பங்கிட்டு வழங்கும் அட்டை முறையும் 1955இல் ஒழிந்தது. மது நாட்டில் இருக்கவே போகின்றதெனின், அதனால் வீதியில் விளையுந் தீங்கை வேறொரு வழியாற் கட்டுப்படுத்தல் வேண்டும் அன்றோ?

அவ்வழியைத் திறந்தவர் லுண்ட் பல்கலைக்கழகத்து எரிக் விட்மார்க் என்னும் அறிஞர். சில துளி குருதியைக் கொண்டே அதிலுள்ள அற்ககோலின் அளவைக் கணிக்கும் முறையை அவர் 1922இல் வெளியிட்டார். அவருடைய ஆய்வுகள் மற்றுமோர் உண்மையையும் புலப்படுத்தின. அற்ககோல் குருதியினின்றும் ஏறத்தாழ ஒரே சீரான வேகத்திற் குறைந்து செல்கின்றது. ஈரலே அதனைப் பெரும்பாலும் சிதைக்கின்றது. பொதுவாக, 100 மில்லிலீற்றர் குருதியில் மணிக்கு 15 மில்லிகிராம் அளவே குறையும். நள்ளிரவில் 150 மில்லிகிராம் உடையவனுக்குக் காலை ஆறு மணிக்கும் 60 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். உறங்கி எழுந்தேன், தலை முழுகினேன், கோப்பி குடித்தேன், ஆகவே வெறி தெளிந்தேன் என அவன் கூறுவது பிழை. கோப்பி உறக்கத்தை நீக்கலாம். ஈரலின் வேலையை விரைவுபடுத்தாது.

இனி, மது சாரதியை என்ன செய்கின்றது? நடை தள்ளாடுதற்கு நெடுநேரம் முன்னரே தன்னைத் தான் மதிப்பிடும் ஆற்றலை அது மழுக்குகின்றது. திறமை குறையும் வேளையிலே துணிவு மிகுகின்றது. இடர் முழுவதும் இம்முரணிலே தங்கியுள்ளது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடும். பிரேக்கை மிதிக்க அரைச் செக்கன் தாமதிப்பினும் 8 மீற்றர் கடந்துவிடும். வீதியைக் கடக்கும் சிறுவனுக்கு அந்த 8 மீற்றரே வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரம்.

அளக்க இயன்றதைச் சட்டத்தால் வரையறுக்கவும் இயலும். நோர்வே 1936இல் குருதியின் அற்ககோல் எல்லையை ஆயிரத்தில் 0.5 பங்கு என விதித்தது. இஃது ஏறத்தாழ 100 மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம் ஆகும். சுவீடன் 1941இல் 0.8 என விதித்து, 1957இல் 0.5 ஆகவும் 1990இல் 0.2 ஆகவும் குறைத்தது. நான் நிதானமாகவே இருந்தேன் என்னும் வாதத்துக்கு இதன்பின் இடமில்லை. 1954இல் அமெரிக்கராகிய ரொபேட் போர்க்கன்ஸ்ரைன் மூச்சைக் கொண்டு அளக்கும் கருவியை அமைத்தமையால், வீதியோரத்திலேயே சோதனை செய்தல் எளிதாயிற்று.

எனினும் சட்டம் ஏட்டில் இருந்தாற் போதாது. பிரித்தானியாவில் 1967இல் இத்தகைய சட்டம் வந்தவுடன் விபத்துக்கள் குறைந்தன. அகப்படுவோர் சிலரே எனச் சாரதிகள் கண்டுகொண்டதும் அப்பயன் தேய்ந்தது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், 1982 டிசம்பர் முதல், ஐயமிருப்பினும் இல்லாவிடினும் எந்தச் சாரதியையும் நிறுத்திச் சோதிக்கும் முறை வந்தது; அங்கே பயன் நிலைத்தது. தண்டனையின் கடுமையினும், அகப்படுவோம் என்னும் உறுதியே மனிதனைத் தடுக்கின்றது என்பது இவற்றாற் பெறப்படும்.

ஆயின் மதுவுக்கு அடிமைப்பட்டவனிடத்தில் இவ்வச்சமும் தோற்றுப்போகின்றது. அவன் உடல் மதுவுக்குப் பழகியமையால், பிறர் தள்ளாடும் அளவிலும் அவன் நேராக நடப்பான். பார்ப்போர் அவனைத் தெளிந்தவன் என நம்புவர். அவனோ காலையிற் கைந்நடுக்கம் தீரவே குடிப்பவன். தண்டம் செலுத்தியும், அனுமதிப்பத்திரத்தை இழந்தும் மீண்டும் வாகனத்தில் ஏறுவான். இத்தகையோனைத் திடீரெனக் குடியை நிறுத்தும்படி வீட்டார் வற்புறுத்துதலும் ஆபத்தானது. வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகி உயிருக்கே இடர் நேரலாம். வைத்தியரின் மேற்பார்வையிலேயே அவன் குடியை விடல் வேண்டும். சுவீடன் 1999இல் ஒரு முறையைப் பரீட்சித்தது: சாரதி ஊதும் மூச்சில் மது காணப்படின் வாகனம் இயங்கமாட்டாது, அத்துடன் அவன் வைத்தியப் பரிசோதனைக்கும் உட்படுவான். நோயாளிக்குச் சிகிச்சையும் வழிச்செல்வோர்க்குக் காவலும் இங்கு ஒருங்கே அமைதல் காண்க.

நம் நாட்டில், 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயது நிரம்பாதார்க்கு மது விற்பதைத் தடுத்துள்ளது. சட்டம் செல்லாத இடங்களும் உண்டு. கலியாண வீட்டில் விருந்தினனுக்கு ஊற்றிக் கொடுத்துப் பின் வாசல்வரை வந்து வழியனுப்பும் உபசாரம் அவற்றுள் ஒன்று. அவன் கையிலுள்ள திறப்பை வாங்கி வைத்தலே உண்மையான உபசாரம். வீடு திரும்பும் வழியைக் குடிக்குமுன்னரே தீர்மானித்தல் வேண்டும். குடித்தபின் தீர்மானிக்கும் மனம் தன் மனமன்று. குடித்தவன் செலுத்தும் வாகனத்தில் ஏற மறுத்தல் மரியாதைக் குறைவாகாது. அவன் தமையனாயினும் தந்தையாயினும் மறுத்தலே அன்பாகும்.

மாணாக்கரே, உங்களுட் பலர் விரைவில் அனுமதிப்பத்திரம் பெறுவீர்கள். வாகனத்தைச் செலுத்தக் கைகளும் கால்களும் பழகினாற் போதும் எனக் கருதற்க. இன்று நான் செலுத்தத் தக்கவனா எனத் தன்னைத்தான் வினவும் அறிவே சாரதிக்கு முதற்றகுதி. மது முதலிற் பறிப்பதும் அதனையே.