நெல்லுக்கு ஏன் இலக்கம்?

கலகெதரயிலிருந்து குருநாகல் பக்கமாக பஸ்ஸில் இறங்கிப் போகும்போது, மலைகளுக்கிடையில் பள்ளத்தில் சின்னச் சின்ன வயல்கள் தெரியும். அந்த வயற்காரரிடம் என்ன நெல் விதைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நமது உம்மம்மாமார் காலமென்றால் பச்சைப்பெருமாள், முருங்கைக்காயன், சுவந்தெல் என்று ஆளைக் கூப்பிடுவது போலப் பெயர் வந்திருக்கும். இன்று வருவதோ பி.ஜி. 300, ஏ.டி. 362 என்ற இலக்கங்கள்தாம்!

சகோதரிகளே, இந்த இலக்கத்தில் மர்மம் ஒன்றுமில்லை. 'பி.ஜி.' என்பது பத்தலகொட. குருநாகலுக்கு அப்பால் இப்பாகமுவையில் இருக்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் அது. 'ஏ.டி.' என்றால் அம்பலாந்தோட்டை. இலக்கம் 300இல் தொடங்கினால் மூன்று மாத நெல், 350ஐத் தாண்டினால் மூன்றரை மாதம், 400 என்றால் நான்கு மாதம். நாம் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் கீரிச் சம்பாவுக்கும் பி.ஜி. 360 என்றொரு இலக்கம் உண்டு.

பத்தலகொடவில் வேலை தொடங்கியது 1952இல். அப்போது ஒரு ஹெக்டேயரில் ஒன்றரைத் தொன் நெல் கிடைத்தாலே பெரிய காரியம். கப்பலில் வந்த அரிசியை நம்பித்தான் நாடு சோறு தின்றது. ஆராய்ச்சியாளர்கள் நமது நாட்டு முருங்கைக்காயனையும் இந்தோனேசியாவின் 'மாஸ்' என்ற நெல்லையும் ஒட்டுச் சேர்த்து எச். 4 என்ற சிவப்பரிசி இனத்தை 1950களின் இறுதியில் வெளியிட்டார்கள். அது நாடெங்கும் பரவியது. ஆனால் ஒரு குறை இருந்தது. பயிர் உயரமானது. பசளையைக் கூட்டிப் போட்டால் கதிர் கனத்து, ஒரு மழைக்கே வயலில் படுத்துவிடும்.

கோதுமைக்கும் இதே வியாதிதான் இருந்தது. நமது நாட்டில் கோதுமை பயிரிடப்படுவதில்லை என்றாலும் பாணும் ரொட்டியும் தின்னாத வீடு ஏது? மெக்சிக்கோவில் நோர்மன் போர்லாக் என்பவர், ஜப்பானியக் குட்டைக் கோதுமையான 'நோரின் 10'இன் குணத்தைத் தமது இனங்களில் சேர்த்தார். தண்டு குட்டையானதும் பசளையின் பலன் வைக்கோலுக்குப் போகாமல் மணிக்குப் போனது. அந்த விதைகள் இந்தியாவுக்கு வந்தன. 1965இல் 12 மில்லியன் தொன்னாக இருந்த அந்நாட்டுக் கோதுமை விளைச்சல் 1970இல் 20 மில்லியனாயிற்று. நெல்லில் அதே வேலையைப் பிலிப்பைன்ஸின் ஐ.ஆர். 8 இனம் 1966இல் செய்தது. ஆயினும் அந்த விதை நமது மண்ணில் பெரிதாக வேரூன்றவில்லை. பத்தலகொட தனது சொந்தக் குட்டை இனங்களையே உருவாக்கிக்கொண்டது. 1970இல் பி.ஜி. 11-11, பின்னர் பி.ஜி. 94-1, 1987இல் பி.ஜி. 300, 1992இல் பி.ஜி. 352 என்று வரிசை நீண்டது.

ஒட்டுச் சேர்ப்பது எப்படி என்று அறிந்தால், ஊசித் தையல் தெரிந்த நம் பெண்களுக்குத்தான் அதன் அருமை நன்றாகப் புரியும். நெற்பூ தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும். அதைத் தடுக்க, பூ விரியுமுன் ஒவ்வொரு பூவின் நுனியையும் கத்தரியால் நறுக்கி, உள்ளேயிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் எடுத்துவிட்டுக் கதிரை உறையிட்டு மூடுவார்கள். பிறகு மற்ற இனத்தின் பூத்த கதிரைக் கொண்டுவந்து அதன்மேல் தட்டுவார்கள். கிடைப்பது ஒரு பிடிகூட இல்லை, சில மணிகள். அவற்றை விதைத்தால் முதல் தலைமுறை எல்லாம் ஒரேமாதிரி இருக்கும். இரண்டாம் தலைமுறையில்தான் வேடிக்கை. ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு என்பது போல ஆயிரக்கணக்கான செடிகளும் ஆளுக்கொரு குணமாய் நிற்கும். நல்லதைப் பொறுக்கி, விதைத்து, மறுபடி பொறுக்கி, ஆறேழு தலைமுறை போனால்தான் குணம் நிலைக்கும். அதன் பின் பல மாவட்டங்களிலும் விவசாயிகளின் வயல்களிலும் பரீட்சை, சமைத்துப் பார்க்கும் சோதனை. ஓர் இனம் வெளிவரப் பத்து வருடமளவில் ஆகும். 'ஊசி போட்ட நெல்' என்று சிலர் சொல்வது வெறும் பேச்சு. இது மரபணு மாற்றிய பயிரல்ல.

பத்து வருடம் பாடுபட்டாலும் வேலை முடிவதில்லை. கபிலத் தத்தியும் எரிபந்த நோயும் தம்மை மாற்றிக்கொண்டு, நேற்று எதிர்த்து நின்ற இனத்தை இன்று சாய்த்துவிடும். உடனே வேறொரு எதிர்ப்புக் குணம் தேட வேண்டும். உவர் நிலத்துக்கு ஏ.டி. 354 வந்ததும் இப்படி ஒரு தேடலில்தான்.

பலன் என்ன? 1953 குடிசன மதிப்பீட்டில் நாம் 81 இலட்சம் பேர். 2012இல் 2 கோடிக்கு மேல். இதற்கிடையில் ஹெக்டேயர் விளைச்சல் நான்கு தொன்னைத் தாண்டிவிட்டது. அந்தக் காலச் சோற்றின் மணம் இப்போதில்லை என்று மூத்தவர்கள் குறைப்படுவதில் நியாயம் உண்டு. பசி நேரத்தில் முதலில் பார்க்கப்பட்டது நிறைதான்.

இன்னொரு விடயத்தையும் மறைக்கக் கூடாது. இந்த விதைகள் பசளையை எதிர்பார்த்து வளர்க்கப்பட்டவை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டிருந்தது. அந்தப் போகத்தில் விளைச்சல் பெரிதும் விழுந்தது. அரிசி வெளியிலிருந்து வந்தது. 2022இல் கடையில் நின்று ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்த்த நமக்கு அது மறக்குமா? இயற்கைப் பசளையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஐம்பது, அறுபது வருடம் ஒருவகை ஊட்டத்துக்குப் பழக்கிய பயிரை ஒரே போகத்தில் மாற்ற முனைந்தது பெரும் தவறு என்பதே என் கருத்து. குறைந்த பசளையில் விளையும் இனம் வேண்டுமென்றால் அதற்கும் இதே பத்து வருடப் பொறுக்கல் வேண்டும்.

அதற்கான குணங்கள் பழைய நெல்லிலும் தேடப்பட வேண்டியவை. பேராதனைக்கு அருகில் கன்னொறுவையில் 1988இல் தொடங்கிய பயிர் மரபுவள நிலையத்தின் குளிரறைகளில் அந்த விதைகள் பாதுகாக்கப்படுகின்றன. உங்கள் குடும்பத்தில் எவரேனும் பழைய நெல் ஒன்றை இன்னும் சிறு துண்டு வயலில் விதைத்து வந்தால், அதன் பெயரையும் ஒரு பிடி விதையையும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.