விலைப் பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

சேமித்த பணத்தை எங்கே வைப்பது என்னும் கேள்வி எல்லாக் குடும்பங்களிலும் எழுகிறது. பங்குகளின் விலை ஏறி இறங்குவதைக் கண்டு அஞ்சுவோர் பலர் கடன் பத்திரங்களை நாடுகின்றனர். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் 2021ஆம் ஆண்டின் இறுதியில் தம் சேமிப்பின் ஒரு பகுதியைக் கடன் பத்திர நிதியம் ஒன்றில் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு கழித்து, பேரனின் உதவியோடு கைப்பேசியில் அந்த நிதியத்தின் விலைப் பட்டியலைப் பார்க்கிறார். 114 டாலருக்கு வாங்கிய அலகு 97 டாலராகக் குறைந்திருக்கிறது. “பாதுகாப்பானது என்றார்களே! மேலும் குறைவதற்குள் விற்றுவிடலாமா?” என்று அவர் பதறுகிறார். இக்கேள்விக்கு விடை காண, பட்டியலில் உள்ள எண்களைப் படித்தால் மட்டும் போதாது. அந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதையும் அறிய வேண்டும்.

அரசாங்கமோ நிறுவனமோ மக்களிடம் வாங்கும் கடனுக்கான சான்றே கடன் பத்திரம். கடன் வாங்கியவர் குறிப்பிட்ட காலம்வரை வட்டி தருவார்; தவணை முடியும் நாளில் முதலைத் திருப்பித் தருவார். இத்தகைய பத்திரங்கள் பலவற்றை ஒன்றாகத் திரட்டி, சிறு சிறு அலகுகளாகப் பிரித்து, பங்குச் சந்தையில் விற்பனைக்கு விடுவதே சந்தையில் வர்த்தகமாகும் கடன் பத்திர நிதியம். தனிமனிதர் ஒருவர் நூற்றுக்கணக்கான பத்திரங்களைத் தேடி வாங்குவது கடினம். நிதியத்தின் ஓர் அலகை வாங்கினால், அவை அனைத்திலும் அவருக்குச் சிறு பங்கு கிடைத்துவிடும்.

இது நம் வட்டாரத்துக்குப் புதியதன்று. 1997ஆம் ஆண்டின் ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு, இவ்வட்டார நாடுகளின் கடன் பத்திரச் சந்தைகளை வலுப்படுத்தப் பதினொரு மத்திய வங்கிகள் கைகோத்தன. அம்முயற்சியின் பயனாக 2005ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கடன் பத்திரக் குறியீட்டு நிதியங்கள் பங்குச் சந்தைக்கு வந்தன. சிங்கப்பூர் நிதியத்தில் அரசாங்கப் பத்திரங்களோடு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் போன்ற அமைப்புகளின் பத்திரங்களும் இடம்பெறுகின்றன.

நம் பெரியவர் வாங்கியதோ, ‘ஏ.ஜி.ஜி.’ என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படும் அமெரிக்க நிதியம். 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடன் பத்திரங்களைக் கொண்டது. உலகின் மிகப் பெரிய கடன் பத்திர நிதியங்களுள் ஒன்றான இதன் பழைய விலைகளை எவரும் இணையத்தில் காணலாம். அப்பட்டியலில் நாள், தொடக்க விலை, உச்ச விலை, தாழ்ந்த விலை, இறுதி விலை, சரிசெய்யப்பட்ட இறுதி விலை, கைமாறிய அலகுகளின் எண்ணிக்கை ஆகியவை நிரல் நிரலாக இருக்கும். பெரியவர் பார்த்தது இறுதி விலையை மட்டுமே.

முதலில், விலை ஏன் இறங்கியது என்பதைப் பார்ப்போம். ஆண்டுக்கு 2 விழுக்காடு வட்டி தரும் 100 டாலர் பத்திரம் ஒருவரிடம் இருக்கிறது. இப்போது புதிதாக வெளிவரும் பத்திரங்கள் 4 விழுக்காடு வட்டி தருகின்றன. இந்நிலையில் பழைய பத்திரத்தை 100 டாலர் கொடுத்து யார் வாங்குவார்? விலையைக் குறைத்தால்தான் விற்க முடியும். தவணை முடிய ஓராண்டே இருந்தால், விலை ஏறத்தாழ 98 டாலருக்கு இறங்கினால் போதும். பத்தாண்டுகள் இருந்தால், அது ஏறத்தாழ 84 டாலர்வரை இறங்க வேண்டியிருக்கும். குறைந்த வட்டியைப் பெற்றுக்கொண்டு பத்தாண்டுகள் காத்திருப்பவருக்கு அந்த அளவுக்கு ஈடு தேவைப்படுகிறது. ஆகவே, வட்டி விகிதம் ஏறினால் பத்திரத்தின் விலை இறங்கும். விகிதம் இறங்கினால் விலை ஏறும். தவணை நீளமாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கமும் பெரிதாக இருக்கும்.

2022ஆம் ஆண்டில் நடந்தது இதுவே. விலைவாசி உயர்வைக் கட்டுப்படுத்த அமெரிக்க மத்திய வங்கி அவ்வாண்டில் ஏழு முறை வட்டி விகிதத்தை உயர்த்தியது. ஆண்டின் தொடக்கத்தில் பூச்சியத்தை ஒட்டியிருந்த விகிதம், டிசம்பரில் 4.25 முதல் 4.5 விழுக்காடாக இருந்தது. அதனால் ஏ.ஜி.ஜி. நிதியத்தின் அலகு விலை ஏறத்தாழ 15 விழுக்காடு சரிந்தது. கடன் வாங்கியவர்கள் ஏமாற்றியதால் இச்சரிவு ஏற்படவில்லை. வட்டியும் முதலும் உரிய நாளில் வந்துகொண்டுதான் இருந்தன. ‘பாதுகாப்பானது’ என்னும் சொல், கடன் திரும்பி வரும் என்பதைக் குறித்ததே தவிர, விலை அசையாது என்பதைக் குறிக்கவில்லை.

அடுத்து, இறுதி விலை சொல்லாத செய்தி ஒன்று உண்டு. இந்நிதியம், தான் பெறும் வட்டியை மாதந்தோறும் அலகுதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. பகிர்வுக்கான உரிமை நீங்கும் நாளில், அத்தொகையின் அளவுக்கு அலகின் விலை குறையும். எடுத்துக்காட்டாக, 100 டாலர் மதிப்புள்ள அலகு 20 காசைப் பகிர்ந்தளித்தால், மறுநாள் பட்டியலில் 99 டாலர் 80 காசு என்று காணப்படும். விலைப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் 20 காசு நட்டம் என்று எண்ணுவார். உண்மையில் அந்தப் பணம் ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்கு மாறியிருக்கிறது. அவ்வளவுதான்! பெரியவருக்கும் அவ்வாண்டில் அலகு ஒன்றுக்கு 2 டாலருக்குமேல் வட்டி வந்திருக்கும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அவருடைய இழப்பு ஏறத்தாழ 13 விழுக்காடே.

நீண்ட காலத்தில் இந்த வேறுபாடு மிகப் பெரிதாகிவிடும். 2003இல் ஏ.ஜி.ஜி. அலகின் விலை 100 டாலரை ஒட்டியிருந்தது. 2022இன் இறுதியில் அது 97 டாலர். இறுதி விலையை மட்டும் ஒப்பிடுபவர், பத்தொன்பது ஆண்டுகளில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று முடிவு செய்வார். ஆனால், அந்தப் பத்தொன்பது ஆண்டுகளும் மாதந்தோறும் வட்டி வந்துகொண்டே இருந்தது. முதலீட்டாளர் பெற்ற ஆதாயம் முழுவதும் அதிலேதான் இருந்தது.

இக்குறையைத் தீர்க்கவே ‘சரிசெய்யப்பட்ட இறுதி விலை’ என்னும் நிரல் சேர்க்கப்படுகிறது. பெற்ற வட்டியை மீண்டும் அதே நிதியத்தில் போட்டிருந்தால் எவ்வளவு வளர்ச்சி கிடைத்திருக்கும் என்பதை அது காட்டுகிறது. அதற்காகப் பழைய விலைகள் கணக்கில் குறைத்துக் காட்டப்படுகின்றன. எனவே, அந்த நிரலில் 2003ஆம் ஆண்டுக்கு எதிரே காணப்படும் விலையில் அன்று எவரும் அலகு வாங்கவில்லை. அது ஒப்பிடுவதற்கான எண்ணே தவிர, சந்தையில் நிலவிய விலையன்று. வளர்ச்சியை அளக்கச் சரிசெய்யப்பட்ட விலை உதவும். அன்று கையிலிருந்து கொடுத்த தொகையை அறிய இறுதி விலை உதவும். ஒரு நாளுக்கு ஒன்றையும் மற்றொரு நாளுக்கு மற்றொன்றையும் எடுத்து ஒப்பிட்டால் கணக்குப் பிழையாகிவிடும்.

பட்டியலில் இடம்பெறாத மற்றோர் எண் நிகரச் சொத்து மதிப்பு. நிதியத்திலுள்ள பத்திரங்களின் மொத்த மதிப்பை அலகுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைக்கும். வழக்கமாக அலகின் விலையும் இம்மதிப்பும் மிக நெருக்கமாகவே இருக்கும். ஆனால், 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்பப் பெற முனைந்தபோது நிலைமை மாறியது. மார்ச் 12ஆம் நாள் ஏ.ஜி.ஜி. அலகின் விலை அதன் சொத்து மதிப்பைவிட 4 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்து முடிந்தது. பத்திரங்கள் எளிதில் கைமாறாததால் அவற்றின் மதிப்பு மெதுவாக மாறியது. அலகின் விலையோ உடனுக்குடன் மாறியது. அந்த மாதப் பிற்பகுதியில் மத்திய வங்கி பத்திரங்களைப் பெருமளவில் வாங்கப்போவதாக அறிவித்த பின்னர் சந்தை அமைதியடைந்தது. அச்சத்தில் அன்று விற்றவர், தம் சொத்தை அதன் கணக்கிட்ட மதிப்புக்கும் குறைவாகக் கொடுத்துவிட்டார்.

எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். 2018இன் இறுதியில் ஏறத்தாழ 106 டாலராக இருந்த ஏ.ஜி.ஜி. அலகு, 2020 ஆகஸ்டில் 119 டாலரைத் தொட்டது. இவ்விரு நாள்களை மட்டும் காட்டினால் நிதியம் மிகச் சிறந்ததாகத் தோன்றும். 2020 ஆகஸ்டையும் 2022இன் இறுதியையும் மட்டும் காட்டினால் மிக மோசமானதாகத் தோன்றும். இரண்டும் உண்மையான எண்களே. ஆயினும், இரண்டும் முழு உண்மையல்ல. ஆகவே, விளம்பரத்தில் ஒரு வரைபடத்தைக் காணும்போது, அது ஏன் அந்த நாளில் தொடங்குகிறது என்று கேட்கப் பழக வேண்டும்.

இனி, பெரியவரின் கேள்விக்கு வருவோம். தனிப் பத்திரத்துக்குத் தவணை முடியும் நாள் உண்டு. நிதியத்துக்கு அது இல்லை. எனவே, அலகின் விலை மீண்டும் 114 டாலருக்கு ஏறும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. அதே வேளையில், நிதியத்திலுள்ள பழைய பத்திரங்கள் முடிய முடிய, கூடுதல் வட்டி தரும் புதிய பத்திரங்கள் அவற்றின் இடத்தைப் பிடிக்கும். மாதந்தோறும் வரும் வட்டியும் படிப்படியாக உயரும். விலையைக் குறைத்த அதே வட்டி விகிதம், காத்திருப்பவருக்குச் சிறிது சிறிதாக ஈடு செய்கிறது. ஆனால், அதற்குப் பல ஆண்டுகள் தேவை. பெரியவருக்கு அப்பணம் அடுத்த ஆண்டே மருத்துவச் செலவுக்குத் தேவையென்றால், காத்திருக்க அவருக்கு நேரமில்லை. அத்தகைய பணத்தை இந்நிதியத்தில் போட்டதே பிழை. பல ஆண்டுகளுக்குத் தேவையில்லை என்றால், ஒரே ஓர் எண்ணைக் கண்டு பதறி விற்க வேண்டியதில்லை. ஆக, அவருடைய கேள்விக்கான விடை, அப்பணம் அவருக்கு எப்போது தேவை என்பதில்தான் இருக்கிறது. அதை எந்த விலைப் பட்டியலும் சொல்லாது.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. பழைய விலைகள், நேற்று நடந்ததை அளக்கும் படி போன்றவை. அவற்றைக் கொண்டு நாளை நடக்கப்போவதை அளக்க முடியாது. இருப்பினும், எதை அளக்கிறோம் என்பதை அறிந்து அளப்பவர், தம் உழைப்பின் பயனை அச்சத்தாலோ ஆசையாலோ எளிதில் இழக்கமாட்டார்.