ஒரே கேம், மூன்று கேசட்!

உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிவி வீடியோ கேம் ஒன்று தூங்கிக் கொண்டிருக்கிறதா? 1990களில் பள்ளிக்கூடம் போனவர்கள் பலர் வீட்டில் அது இருந்திருக்கும். ஒரு பிளாஸ்டிக் பெட்டி, வயர் தொங்கும் இரண்டு கன்ட்ரோலர்கள், மேலே செருகுவதற்கு ஒரு கேசட். கேசட்டின் மேல் ‘9999999 இன் 1’ என்று பெருமையாக அச்சடித்திருப்பார்கள். உள்ளே இருப்பது என்னவோ ஏழெட்டு கேம்தான். அதையே திரும்பத் திரும்பப் பெயர் மாற்றிப் பட்டியல் போட்டிருப்பார்கள். அந்த ஏழெட்டில் மரியோவும் கான்ட்ராவும் கட்டாயம் இருக்கும்.

அந்தக் கான்ட்ராவை நானும் என் அண்ணனும் விளையாடாத லீவு நாள் கிடையாது. நாங்கள் விளையாடியதுதான் கான்ட்ரா என்று இருபது வருடம் நினைத்துக் கொண்டிருந்தேன். பிறகு பழைய கேசட்டுகளைச் சேகரிக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, உலகத்தில் கான்ட்ரா ஒன்று அல்ல, மூன்று என்று. ஜப்பானுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று. இந்த வித்தியாசம் தெரியாமல் நான் இழந்தது கொஞ்சம் பணமும், பணத்தால் வாங்க முடியாத ஒன்றும். நீங்களும் பழைய கேசட் வாங்கும் எண்ணத்தில் இருந்தால் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேசட்டுக்குள் என்ன இருக்கிறது?

நாம் கேசட் என்று சொல்வதன் சரியான பெயர் கேட்ரிட்ஜ். பாட்டு கேசட் போல உள்ளே டேப் ஓடுவதில்லை. ஒரு சிறிய சர்க்யூட் போர்டும் அதில் சில சிப்புகளும்தான் இருக்கும். கேம் புரோகிராம் ராம் அல்ல, ரோம் சிப்பில் இருக்கும். அதாவது படிக்கலாம், அழிக்க முடியாது. உங்கள் கம்ப்யூட்டரில் பயாஸ் ஒரு சிப்பில் இருப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அளவைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். நின்டென்டோவின் சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கேபி! உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ 3 எம்பி என்றால், அந்த இடத்தில் 75 மரியோக்களை அடைத்து வைக்கலாம்.

நின்டென்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற கன்சோலை வெளியிட்டது. அதே இயந்திரம் 1985இல் அமெரிக்காவுக்கு என்இஎஸ் என்ற பெயரில் வேறு உருவத்தில் போனது. உள்ளே பிராசசர் ஏறக்குறைய அதேதான். ஆனால் கேசட்டைச் செருகும் இடம் வேறு. ஃபேமிகாம் கேசட்டில் 60 பின்கள். என்இஎஸ் கேசட்டில் 72 பின்கள். ஒன்று மற்றொன்றில் பொருந்தாது.

பின் எண்ணிக்கை மட்டும் என்றால் ஒரு அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம். என்இஎஸ்சில் இன்னொரு பூட்டும் உண்டு. கன்சோலில் ஒரு சிப், கேசட்டில் அதற்கு ஜோடியாக ஒரு சிப். இரண்டும் ஒன்றுக்கொன்று சங்கேதம் பேசிக் கொண்டே இருக்கும். பதில் சரியாக வராவிட்டால் கன்சோல் வினாடிக்கு ஒருமுறை ரீசெட் ஆகும், திரை மினுக் மினுக் என்று சிமிட்டும். அமெரிக்காவுக்கு ஒரு சங்கேதம், ஐரோப்பாவுக்கு வேறு. ஐரோப்பாவிலும் பிரிட்டனுக்குத் தனி. எனவே லண்டனில் வாங்கிய கேசட் நியூயார்க் கன்சோலில் ஓடாது. பார்ப்பதற்கு இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருக்கும் என்பதுதான் வேடிக்கை. நான் முதன்முதலில் விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கிய மூன்று கேசட்டுகள் இப்படித்தான் சிமிட்டிக் கொண்டே இருந்தன. விற்றவர் மேல் தப்பில்லை. ஐரோப்பிய கேசட் என்று எழுதித்தான் விற்றிருந்தார். படித்தும் எனக்குப் புரியவில்லை.

ஃபேமிகாமில் இந்தப் பூட்டு கிடையாது. நம் ஊரில் விற்ற டிவி கேம்கள் பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள். அதனால் 60 பின் செருகும் இடம் உள்ள அந்தப் பழைய பெட்டியில் அசல் ஜப்பான் கேசட்டே பொருந்தும். என் முதல் ஜப்பான் கேசட்டை அண்ணன் வீட்டுப் பரணில் கிடந்த பெட்டியில்தான் ஓட்டிப் பார்த்தேன்.

மூன்று கான்ட்ரா

அப்படி ஓட்டிய கேசட் 1988இல் வந்த ஜப்பான் கான்ட்ராதான். ஆரம்பத்திலேயே படக்கதை ஓடியது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு வரைபடம் வந்தது. முதல் கட்டத்தில் பின்னால் இருக்கும் மரங்கள் அசைந்தன! பனிக் கட்டத்தில் பனி வீசியது. அண்ணன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, ‘‘டேய், இதெல்லாம் நம்ம கேசட்ல இல்லையேடா’’ என்றார். இருவரும் விளையாடாமல் கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்துக் கொண்டிருந்தோம்.

அமெரிக்கக் கான்ட்ராவில் இவை எதுவும் கிடையாது. காரணம் சிப். ஜப்பானில் கோனாமி நிறுவனம் தானே தயாரித்த சிப்பைக் கேசட்டுக்குள் வைத்தது. ஆனால் ஜப்பானுக்கு வெளியே விற்கும் கேசட்டுகளை நின்டென்டோவே தயாரித்துக் கொடுத்தது. அதில் நின்டென்டோவின் போர்டையும் சிப்பையும்தான் பயன்படுத்த வேண்டும். அதனால் அசையும் மரங்களும் படக்கதையும் வெட்டப்பட்டன.

ஐரோப்பாவுக்கு 1990இல் போன கேசட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். பெயரே புரோபோடெக்டர் என்று மாறிவிட்டது. துப்பாக்கியோடு ஓடும் இரண்டு வீரர்களும் ரோபோக்களாக ஆகிவிட்டார்கள். எதிரிகளிலும் பலர் ரோபோக்கள். ஜெர்மனியில் சிறுவர்களுக்கான வன்முறை விளையாட்டுகள் மேல் இருந்த கட்டுப்பாடுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. மனிதனைச் சுட்டால் தப்பு, இரும்பைச் சுட்டால் தப்பில்லை!

சத்தத்திலும் இந்த வித்தியாசம் உண்டு. ஃபேமிகாமில் கன்சோலின் ஒலி கேசட் வழியாகச் சென்று திரும்பி வரும். அதனால் கேசட்டில் இருக்கும் சிப் தன் பங்குக்கு இசையைச் சேர்க்க முடியும். 1989இல் ஜப்பானில் வந்த காசில்வேனியா 3 கேசட்டில் உள்ள சிப் இப்படிக் கூடுதலாக மூன்று சேனல் இசை தருகிறது. 1990இல் வந்த அமெரிக்கக் கேசட்டில் அந்த மூன்றும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் காதே சொல்லிவிடும். ஆனால் ஒன்று, நம் ஊர் நகல் பெட்டிகள் பலவற்றில் இந்த ஒலி இணைப்பையே விட்டிருப்பார்கள். அதில் ஜப்பான் கேசட்டைப் போட்டாலும் கூடுதல் இசை கேட்காது. காசு கொடுத்து வாங்கியும் கேட்கவில்லையே என்று கேசட்டைத் திட்டாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வித்தியாசம் லெஜண்ட் ஆஃப் செல்டாவில் இருக்கிறது. ஜப்பானில் 1986இல் இது ஃபேமிகாமோடு இணைக்கும் டிஸ்க் டிரைவுக்கான டிஸ்க்காக வந்தது. ஃபேமிகாமின் இரண்டாவது கன்ட்ரோலரில் ஒரு மைக் உண்டு. கேமில் முயல் காது வைத்த ஒரு பூதம் வரும். மைக்கில் கத்தினால் அது செத்துவிடும்! 1987இல் அமெரிக்காவுக்கு வந்த கேசட்டிலும் அதே பூதம் இருக்கிறது. அங்கே மைக் கிடையாது. ஆனால் கூட வந்த புத்தகத்தில் ‘அதற்குச் சத்தம் பிடிக்காது’ என்ற குறிப்பை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். எத்தனை அமெரிக்கச் சிறுவர்கள் டிவியைப் பார்த்துக் கத்தினார்களோ! அங்கே அதை அம்பு விட்டுக் கொல்லலாம்.

வாங்குவதற்கு முன்

வேகம் ஒரு முக்கியமான விஷயம். ஜப்பான், அமெரிக்க டிவிகள் வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் முறையில் இருந்தன. ஐரோப்பாவில் 50 முறை. பல கேம்களை அங்கே மாற்றி எழுதாமல் அப்படியே விற்றதால் கேம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது, பாட்டும் இழுத்தது. நம் நாட்டு டிவியும் 50 முறை வகைதான். ஆனாலும் ஏவி பின் உள்ள கலர் டிவிகளில் பலவும் இரண்டையும் காட்டும். வாங்குவதற்கு முன் உங்கள் டிவியின் மெனுவில் என்டிஎஸ்சி என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது கரண்ட். அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கும் ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. நம் பிளக்கில் வருவது 230 வோல்ட். அவசரத்தில் நேரடியாகச் செருகினேன். ஒரு சின்ன ‘டப்’, பிறகு கருகிய வாசனை. நல்ல வேளையாக அடாப்டரோடு போயிற்று. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். என்இஎஸ் அடாப்டர் தருவது ஏசி, ஃபேமிகாமுக்குத் தேவை டிசி. என்இஎஸ் அடாப்டரை ஃபேமிகாமில் செருகினால் கன்சோலே போய்விடும்.

கேசட் எந்த நாட்டுடையது என்பதை லேபிளில் உள்ள குறியீட்டைப் பார்த்துச் சொல்லலாம். கடைசி மூன்று எழுத்துகள் யுஎஸ்ஏ என்றால் அமெரிக்கா. ஈயுஆர் என்றால் ஐரோப்பா. யுகேவி பிரிட்டன், எஃப்ஆர்ஜி ஜெர்மனி. விற்பவரிடம் லேபிள் தெளிவாகத் தெரியும்படி ஒரு போட்டோ கேளுங்கள். பின்பக்கத்தையும் கேளுங்கள். ஜப்பான் கேசட்டுகளின் பின்னால் பழைய சொந்தக்காரச் சிறுவனின் பெயர் மார்க்கரில் எழுதியிருப்பது சகஜம். சிலர் அதைக் குறை என்று சொல்லி விலை குறைப்பார்கள். நான் விரும்பி வாங்குவேன்.

விலையும் நாட்டைப் பொறுத்தது. மதர் 2 என்ற கேம் ஜப்பானில் 1994இல் வந்தது. அது 1995இல் எர்த்பவுண்ட் என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. அமெரிக்கக் கேசட்டின் விலை என் பட்ஜெட்டுக்கு எட்டாது. ஜப்பான் கேசட்டை அதில் ஒரு சிறு பங்கு விலைக்கு வாங்கினேன். ஆனால் முழுக்க ஜப்பானிய எழுத்து! பேச்சு நிறைந்த கேம் என்பதால் ஒரு அடி நகர முடியவில்லை. கான்ட்ரா போன்ற சுடும் கேமுக்கு மொழி வேண்டாம், கதை கேமுக்கு வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது கேம் பாய்தான். 1989இல் வந்த இந்தக் கையடக்கக் கருவியில் பின் வித்தியாசமோ பூட்டோ கிடையாது. எந்த நாட்டுக் கேசட்டும் ஓடும். போலிகள் மட்டும் அதிகம். திறந்து பார்த்தால், முறையான சிப்புக்குப் பதிலாகக் கருப்புப் பிசின் சொட்டு ஒன்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பேட்டரி எச்சரிக்கை

இப்போது அந்தப் பணத்தால் வாங்க முடியாத விஷயத்துக்கு வருகிறேன். ரோமில் எதையும் எழுத முடியாது என்றேன் அல்லவா? அப்படியானால் செல்டா போன்ற நீண்ட கேமில் பாதியில் நிறுத்தியதை எப்படிச் சேமிப்பது? அதற்காகவே அமெரிக்கச் செல்டா கேசட்டில் 8 கேபி ராம் சிப் ஒன்றும், அதற்குச் சதா கரண்ட் கொடுக்க ஒரு பேட்டரியும் இருக்கின்றன. கம்ப்யூட்டரின் மதர்போர்டில் இருக்கும் அதே சிஆர்2032 வட்ட பேட்டரிதான்.

என் மகள் இரண்டு கோடை விடுமுறைகளில் அந்தக் கேசட்டில் விளையாடினாள். தன் பெயரைப் பதிவு செய்து, சேர்க்க வேண்டிய எட்டு துண்டுகளில் ஏழைச் சேர்த்து வைத்திருந்தாள். முப்பது வருடப் பேட்டரி ஆயிற்றே, தீர்ந்தால் எல்லாம் போய்விடுமே என்று எனக்குக் கவலை. அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் கேசட்டைத் திறந்தேன். பழைய பேட்டரியைச் சால்டர் எடுத்துப் பிரித்துப் புதியதை வைத்து மூடினேன். ஆன் செய்தால் மூன்று இடங்களும் காலி! பேட்டரியைப் பிரித்த அந்த நிமிடமே ராம் மறந்துவிட்டது. எல்லாம் தெரிந்தவன் மாதிரி வேலை செய்த எனக்கு இந்தச் சின்ன விஷயம் உறைக்கவில்லை. கழற்றிய பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. இன்னும் பல வருடம் ஓடியிருக்கும்.

மாலையில் அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இதற்கு உங்கள் கம்ப்யூட்டரிலேயே வழி இருக்கிறது. யுஎஸ்பியில் இணைக்கும் கேட்ரிட்ஜ் ரீடர்கள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. அதில் கேசட்டைச் செருகி, சேமித்த விவரத்தை மட்டும் ஒரு ஃபைலாகக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வரலாம். இரண்டு முறை எடுத்து இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். செல்டா ஃபைலை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் 8,192 பைட்ஸ் என்று காட்ட வேண்டும். அதன் பிறகு பேட்டரியை மாற்றி, அதே ஃபைலைத் திரும்பக் கேசட்டில் எழுதிவிடலாம். பேட்டரியை இரண்டு பக்கமும் தகட்டுக் கால் வைத்ததாக வாங்குங்கள். வெறும் பேட்டரியின் மேல் நேரடியாகச் சால்டர் வைப்பது ஆபத்து. திறப்பதற்குச் சாதாரண ஸ்க்ரூடிரைவர் உதவாது, 3.8 மிமீ கேம்பிட் என்று கேட்டு வாங்க வேண்டும். பின்களைச் சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த இயர் பட் போதும். வாயால் ஊதாதீர்கள். நாம் எல்லோரும் ஊதினோம், தெரியும். எச்சில் ஈரம் பின்களை அரிக்கும்.

செல்டா கேசட்டை அணைக்கும்போது ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்துக் கொண்டே பவரை ஆஃப் செய்ய வேண்டும். இல்லையென்றால் சேமித்தது கெட்டுப் போகலாம். இதை என் மகள்தான் எனக்கு நினைவுபடுத்துவாள். அடுத்த கோடையில் அவள் முதலிலிருந்து தொடங்கினாள். இம்முறை எட்டு துண்டும் சேர்ந்தாயிற்று. அந்த 8 கேபி ஃபைல் என் டி டிரைவில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று இருக்கிறது. பென்டிரைவ் அவளிடம். கேட்டால் தர மாட்டாள்.