உஷார்! தோல் அட்டைக்குள் போலித் தாத்தாக்கள்

மகனோ மகளோ அமெரிக்காவில் கல்யாணம் செய்துகொண்டு, பாஸ்டன் பக்கத்திலோ கனெக்டிகட்டிலோ சம்பந்தம் அமைந்திருக்கிறதா? சம்பந்தி வீட்டு அலமாரியில் தங்க எழுத்துப் பொறித்த தடிமனான புத்தகம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். 1630களில் கப்பலேறி வந்த முப்பாட்டனில் ஆரம்பித்து, இங்கிலாந்துப் பிரபுக்கள் வழியாக ஏறி, சார்லமேன் சக்கரவர்த்தியிடம் போய் முடிகிற வம்சாவளி அதில் இருக்கும். பேரனின் பள்ளிக்கூட வேலைக்கு அதைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இணையத்தில் குடும்ப மரமாக ஏற்றிவிடாதீர்கள். புத்தகம் 1890க்குப் பிறகு, 1940க்குள் அச்சானது என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

ஏனென்றால் அது குஸ்தாவ் ஆஞ்சூவின் காலம். 1863இல் ஸ்வீடனில் பிறந்தவர். அங்கே போலி ஆவணம் தயாரித்த குற்றத்துக்காகச் சிறைக்குப் போனவர். வெளியே வந்ததும் பெயரை மாற்றிக்கொண்டார். சூட்டிக்கொண்ட பெயரும் சாதாரணப் பெயர் இல்லை, பிரெஞ்சு ராஜ வம்சத்தின் பெயர்! அமெரிக்காவுக்கு வந்து, நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் குடியமர்ந்து, வம்சாவளி தயாரித்துக் கொடுப்பதையே தொழிலாக்கினார். ஒரு குடும்பத்துக்கு அவர் வாங்கிய கூலி சுமார் 9,000 டாலர் என்கிறார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல வீடே வாங்கலாம். புதுப் பணக்காரர்கள் வரிசையில் நின்று கொடுத்தார்கள். பணத்துக்குப் பழுது இல்லாமல் அவரும் ராஜாக்களைத் தேடிக் கொடுத்தார்.

அவர் 1942இல் இறந்துபோனார். அவருடைய வேலையை வம்சாவளி ஆய்வாளர்கள் விலாவாரியாகப் பிரித்துப் போட்டது 1991இல்தான். இடைப்பட்ட ஐம்பது வருடங்களில் அவருடைய சரக்கு நூலகங்களில் புகுந்து, மற்ற புத்தகங்களுக்கு மேற்கோளாகி, பிறகு கணினிக்கும் வந்துவிட்டது. இன்று ஒரு சொடுக்கில் உங்கள் மருமகனின் மரத்தில் வந்து ஒட்டிக்கொள்வது அந்தச் சரக்காகவும் இருக்கலாம்.

ஆஞ்சூ முழுப் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சீக்கிரமே மாட்டியிருப்பார். அவர் கொடுத்த ஆதாரங்களில் பெரும்பாலானவை அசல். இங்கிலாந்து உயில்கள், சர்ச் பதிவேடுகள், நிலப் பத்திரங்கள் எல்லாம் எண்ணும் பக்கமும் போட்டு, போய்ப் பார்த்தால் இருக்கும்படி கொடுத்திருப்பார். நடுவே எங்கோ ஒரு உயில் மட்டும் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்ற குறிப்பு இல்லாமல் நழுவி வரும். அமெரிக்கக் குடியேறியையும் ஆங்கிலேயப் பிரபுவையும் அப்பன் பிள்ளையாக்குவது அந்த ஒன்றேதான். கள்ள நோட்டுக் கட்டில் மேலேயும் கீழேயும் நல்ல நோட்டு வைப்பார்களே, அந்த வித்தை.

ஆகவே அட்லாண்டிக்கைத் தாண்டுகிற அந்த ஒரே இணைப்பைத்தான் முதலில் பிடித்து உலுக்கிப் பார்க்க வேண்டும். மேலே இருக்கிற பிரபுக்கள் உண்மை, கீழே இருக்கிற அமெரிக்கர்கள் உண்மை, நடுவில் இருக்கிற முடிச்சு மட்டும் பொய் என்பதுதான் வழக்கம். ஆஞ்சூ இதில் முன்னோடிகூட இல்லை. அவருக்கு முன்பே மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஹொரேஷியோ கேட்ஸ் சாமர்பி லண்டனில் உட்கார்ந்து நியூ இங்கிலாந்துச் சீமான்களுக்கு இதே பண்டத்தைச் செய்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

மோசடியே இல்லாமலும் முடிச்சு தப்பாகலாம். ஜார்ஜ் வாஷிங்டனுக்கே அது நடந்தது. அவர் ஜனாதிபதியாக இருக்கும்போதே, இங்கிலாந்தின் தலைமைக் குலச்சின்ன அதிகாரி சர் ஐசக் ஹேர்ட் அவருக்கு வம்சாவளி தயாரித்தார். 1650களில் வர்ஜீனியாவுக்கு வந்தவர்கள் ஜான், லாரன்ஸ் என்ற சகோதரர்கள். சல்க்ரேவ் ஊர் வாஷிங்டன் குடும்பத்திலும் ஜான், லாரன்ஸ் என்று இரு சகோதரர்கள் இருந்தார்கள். பெயர் பொருந்துகிறது, காலம் கிட்டத்தட்டப் பொருந்துகிறது, போதாதா? போதாது. 1866இல் ஜோசப் செஸ்டர் என்ற ஆய்வாளர் அதை உடைத்தார். அந்த ஜான் சர் பட்டம் வாங்கியவர், அந்த லாரன்ஸ் பாதிரியார், இருவரும் வர்ஜீனியாவுக்குப் போனவர்கள் அல்லர். 1889இல் ஹென்றி வாட்டர்ஸ் சரியான விடையைக் கண்டுபிடித்தார்: குடியேறிய சகோதரர்கள் அந்தப் பாதிரியார் லாரன்ஸின் பிள்ளைகள். ஒரு தலைமுறை பிசகியிருந்தது. நாட்டின் முதல் ஜனாதிபதிக்கே இதைச் சரிசெய்ய ஏறத்தாழ நூறு வருடம் ஆகியிருக்கிறது. உங்கள் சம்பந்தியின் முப்பாட்டனை யார் இவ்வளவு தூரம் துருவிப் பார்த்திருக்கப் போகிறார்கள்?

கல்லில் செதுக்கியிருக்கிறதே என்று சொல்லாதீர்கள். 1620இல் மேஃப்ளவர் கப்பலில் வந்த 102 பேரில் ஜான் ஹவ்லண்ட் ஒருவர். அவர் மனைவி எலிசபெத், கவர்னர் கார்வரின் மகள் என்று பரம்பரையாகச் சொல்லி, பிளிமத்தில் 19ஆம் நூற்றாண்டில் நட்ட நினைவுக் கல்லிலும் அப்படியே வெட்டி வைத்தார்கள். பிறகு வில்லியம் பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் பிரதி லண்டனில் கிடைத்து, 1856இல் அச்சேறியது. அதே கப்பலில் வந்த பிராட்ஃபோர்டே எழுதி வைத்திருக்கிறார்: அவள் ஜான் டில்லியின் மகள். கல்லை மாற்ற வேண்டியதாயிற்று.

குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தால் ரத்தமும் ஒன்று என்று நம்புகிறவர்களைச் சென்னைக்குக் கூட்டி வர வேண்டும். எலிஹு யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்தவர். அவருடைய பாட்டி மறுமணம் செய்துகொண்ட தியோஃபிலஸ் ஈட்டன்தான் நியூ ஹேவன் குடியேற்றத்தை நிறுவியவர்களில் முக்கியமானவர். அசல் காலனி அமெரிக்கக் குடும்பம். ஆனால் எலிஹு மூன்று வயதுக் குழந்தையாக இங்கிலாந்துக்குப் போனவர், திரும்பவே இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சென்னைக்கு வந்தார். 1680இல் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரிஸ் சர்ச்சில் கேதரின் ஹின்மர்ஸ் என்ற விதவையை மணந்தார். அந்தச் சர்ச்சின் திருமணப் பதிவேட்டில் முதல் பதிவே அதுதான். 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். அவர்களின் மகன் டேவிட் சிறு வயதிலேயே இறந்து, பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூம்புக் கோபுரம் வைத்த கல்லறையில் கிடக்கிறான். மிஞ்சியவர்கள் பெண்கள். இரண்டு பேர் இங்கிலாந்துப் பிரபு வீடுகளில் வாழ்க்கைப்பட்டார்கள், மூன்றாமவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

அப்படியென்றால் அமெரிக்காவில் இன்று யேல் என்ற பெயரோடு இருக்கும் பழைய குடும்பத்தார் யார்? எலிஹுவின் சித்தப்பா தாமஸ் யேலின் வழி வந்தவர்கள். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர் எங்கள் நேர் தாத்தா என்று அவர்களில் யாராவது நெஞ்சு நிமிர்த்தினால், கல்லறையைக் காட்டுங்கள்.

தேதிகளிலும் வழுக்கும். 1752 வரை ஆங்கிலேயர்களுக்கும் அவர்களுடைய காலனிகளுக்கும் வருடம் மார்ச் 25இல் பிறந்தது. 1690 மே மாதம் கல்யாணம், 1690 பிப்ரவரியில் குழந்தை என்று பதிவேடு சொன்னால் அந்தப் பெண்ணை அவசரப்பட்டுச் சந்தேகிக்காதீர்கள். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1691. இது தெரியாத எத்தனையோ மரங்களில் பிள்ளைகள் இன்னொரு மனைவிக்குத் தள்ளிவிடப்பட்டிருக்கிறார்கள். சீனியர், ஜூனியர் விவகாரம் இன்னும் மோசம். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் வயதில் மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர், அவ்வளவுதான். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். பெரியவர் கண்ணை மூடியதும் ஜூனியர் சீனியராகிவிடுவார்.

பெருமைக்காக ஏமாறுவது ஒரு வகை. சொத்துக்காக ஏமாறுவது இன்னொரு வகை, பர்ஸைக் காலி செய்வது. நியூயார்க்கில் டச்சுக்காரர்கள் காலத்தில் ஆனகே யான்ஸ் என்ற பெண்ணுக்கு மன்ஹாட்டனில் 62 ஏக்கர் பண்ணை இருந்தது. வாரிசுகள் 1671இல் அதை ஆங்கிலேய கவர்னருக்கு விற்றார்கள், ஒரு கிளை மட்டும் கையெழுத்துப் போடவில்லை. 1705இல் அது டிரினிட்டி சர்ச்சின் கைக்குப் போனது. அந்த விடுபட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு, இன்றைய மன்ஹாட்டன் நிலம் எங்களுடையது என்று தலைமுறை தலைமுறையாக வழக்குப் போட்டார்கள். 1847இல் நீதிமன்றம் சர்ச் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகும் ஓயவில்லை. வாரிசுச் சங்கங்கள் முளைத்தன, உறுப்பினர் சந்தா வசூலானது. வசூலுக்கு வசதியாக ஆனகேயை ஆரஞ்சு இளவரசர் வில்லியமின் பேத்தியாக்கிவிட்டார்கள். நிஜத்தில் அவள் நார்வேக் கடற்கரையில் பிறந்தவள், அம்மா நியூ ஆம்ஸ்டர்டாமில் பிரசவம் பார்த்தவள். இதே பாணியில் கடற்படைத் தளபதி பிரான்சிஸ் டிரேக்கின் சொத்து வரப்போகிறது என்று சொல்லி, ஆஸ்கர் ஹார்ட்ஸல் என்பவர் அமெரிக்காவில் பல்லாயிரம் பேரிடம் பணம் கறந்து 1933இல் தண்டனை பெற்றார். டிரேக்குக்குக் குழந்தையே கிடையாது. உங்கள் மின்னஞ்சலுக்கு ‘உரிமை கோரப்படாத மூதாதையர் சொத்து’ என்று ஒன்று வந்தால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தில் இருக்கும் பொய்யைப் போலவே, புத்தகத்தில் இல்லாதவர்களும் கவலைக்குரியவர்கள். வர்ஜீனியாப் பெரிய வீட்டின் வம்சாவளி என்றால் அந்த வீட்டில் அடிமைகளாக இருந்தவர்களில் ரத்த உறவுகளும் இருந்தார்கள். சாலி ஹெமிங்ஸ், ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனின் மனைவிக்கு ஒரே தகப்பனின் பிள்ளை, அதாவது தங்கை முறை. ஆனாலும் அடிமை. சாலியின் பிள்ளைகளுக்கு அப்பா ஜெஃபர்சன் அல்ல, அவருடைய சகோதரி மகன்கள் என்று குடும்பம் சொல்லிவந்தது. 1998இல் டிஎன்ஏ சோதனை அந்த மருமகன்களை விலக்கியது. சாலியின் கடைசி மகன் எஸ்டனின் ஆண் வழி, ஜெஃபர்சன் ஆண் வழியோடு பொருந்தியது. ஆவணங்களையும் சேர்த்துப் பார்த்து, 2000இல் ஜெஃபர்சன் வாழ்ந்த மான்டிசெல்லோ மாளிகையை நடத்தும் அறக்கட்டளையே அவர்தான் தகப்பன் என்ற முடிவுக்கு வந்தது. அதே சோதனையில், சாலியின் மகன் வழி நாங்கள் என்று நெடுங்காலம் சொல்லிவந்த உட்ஸன் குடும்பத்துக்குப் பொருத்தம் கிடைக்கவில்லை. பெரிய வீட்டுப் பேச்சும் பொய்க்கும், வாய்வழிக் கதையும் பொய்க்கும். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கு முதலாளி பெயரின் கீழ் வயதும் பாலினமும் நிறமும்தான் எழுதினார்கள், பெயர் எழுதவில்லை. அந்த வழியைத் தேடுகிறவர்களிடம் சுலபமான மரத்தை விற்கிறவர்களை எனக்கு ஆஞ்சூவைவிட அதிகமாகப் பிடிக்காது.

டிஎன்ஏ எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று எச்சில் குப்பியை அனுப்பத் துடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்துத் தலைமுறை மேலே போனால் 1,024 பேர் முன்னோர். அவர்களில் பலரிடமிருந்து ஒரு துளி மரபணுகூட உங்களுக்கு வந்திருக்காது. மேஃப்ளவர் தாத்தாவைச் சாதாரணச் சோதனை காட்டிக் கொடுக்காது. குப்பி போகும் இடத்தையும் யோசியுங்கள். ‘ட்வென்ட்டித்ரீ அண்ட் மீ’ நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல்கள் திருடு போயின. 2025 மார்ச்சில் அது திவால் மனு போட்டது. பேரனின் குப்பியில் இருப்பது அவனுடைய தகவல் மட்டுமில்லை, உங்களுடையதும்தான்.

சரி, தேடவே வேண்டாமா? தேடுங்கள், ஆனால் கீழிருந்து மேலே. இன்றைய ஆளில் ஆரம்பித்து, ஒவ்வொரு அப்பன் பிள்ளை இணைப்புக்கும் ஒரு ஆவணம் கேளுங்கள்: உயில், சர்ச் பதிவு, நிலப் பத்திரம். அது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள். மேஃப்ளவர் என்றால், 1897இல் தொடங்கிய மேஃப்ளவர் வாரிசுகள் சங்கம் முதல் ஐந்து தலைமுறைகளைச் சலித்து வெளியிட்டிருக்கிற வெள்ளி நிறத் தொகுதிகள் இருக்கின்றன. மற்ற ஆரம்பக் குடியேறிகளுக்கு, 1845இல் பாஸ்டனில் தொடங்கிய வம்சாவளிச் சங்கம் பதிப்பித்த, ராபர்ட் சார்லஸ் ஆண்டர்சனின் பெருங்குடியேற்றத் தொகுதிகள். ஆஞ்சூவை அம்பலப்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். அவருடைய புத்தகத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் பூர்விகம் என்று ஒரு வரி உண்டு. பல பேருக்கு அதன் எதிரே ‘தெரியவில்லை’ என்றுதான் போட்டிருப்பார். சம்பந்தியின் முப்பாட்டனுக்கும் அப்படி இருந்தால், தோல் அட்டைப் புத்தகத்தில் அதற்கு மேலே இருக்கிற எந்தப் பெயரையும் மரத்தில் ஏற்றாதீர்கள். கணினி காட்டும் ஆதாரத்தைத் திறந்து பார்த்து, அது இன்னொருவர் போட்ட மரம் மட்டும்தான் என்றால், ‘சேர்’ பொத்தானை அழுத்தாதீர்கள்.